கேட்டுக் கொடுக்கும் கரண்ட்

கூரையில் ஒட்டியிருக்கும் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட்டே இருக்காது, கவனித்திருப்பீர்கள். டேட்டா வரும் அதே ஈதர்நெட் கேபிளில்தான் அதற்குக் கரண்ட்டும் வருகிறது. இதற்குப் பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.இ. என்று பெயர்.

இதை வீட்டில் சொன்னபோது, "அப்போ தெரியாம கம்ப்யூட்டரைச் சொருகிட்டா புகைஞ்சிடாதா?" என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் கேட்டது சரியான கேள்வி.

ஸ்விட்ச் எடுத்தவுடன் 48 வோல்ட்டைத் திறந்து விடுவதில்லை. முதலில் சுமார் 10 வோல்ட்டுக்குள் கொடுத்து, மறுமுனையில் 25 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். பி.ஓ.இ. கருவியில் அந்த அடையாளம் உண்டு. இருந்தால், எத்தனை வாட் வேண்டும் என்று அதன் கிளாஸைக் கேட்டு, பிறகுதான் சப்ளை. கம்ப்யூட்டரில் அது இல்லை, எனவே கரண்ட் போகாது. (24 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டர் எதையும் கேட்காது, சொருகியதும் கொடுத்துவிடும். அங்கே அப்பாவின் பயம் நியாயம்தான்.)

இனி நம் முதலாமாண்டுக் கணக்கு. 2003-இல் வந்த 802.3 ஏ.எஃப். தரப்படி போர்ட்டில் 15.4 வாட் புறப்படும். கருவிக்கு உறுதியாகக் கிடைப்பதோ 12.95. மீதி எங்கே? குறைந்தபட்சம் 44 வோல்ட், 0.35 ஆம்பியர், பெருக்கினால் 15.4. நூறு மீட்டர் கேபிளுக்குப் போக வர 20 ஓம் என்று ஐ ஸ்கொயர் ஆர் போடுங்கள், 2.45 வாட். கழித்தால் அச்சாக 12.95! பின்னர் 2009-இல் 30 வாட்டும், 2018-இல் 90 வாட்டும் வந்தன.

கேபிள் மட்டமானால் இந்தக் கணக்கு கவிழும். செம்பு பூசிய அலுமினியத்துக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம். நீளமான ஓட்டத்தில் பகலெல்லாம் கேமரா ஒழுங்காக ஓடும். ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து கரண்ட் கூடியதும் வோல்டேஜ் விழுந்து, அணைந்து அணைந்து எழும். வாட்ச்மேனுக்குக் கேமரா வேண்டியதே ராத்திரிதானே!

கான்ஃபிகரேஷனுக்கு வருவோம். சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் இன்டர்ஃபேஸுக்குள் போய், 'பவர் இன்லைன் ஆட்டோ' என்றால் கேட்பவருக்குக் கொடு. 'ஸ்டாட்டிக்' என்றால் கருவி வராவிட்டாலும் ஒதுக்கி வை. 'நெவர்' என்றால் கொடுக்காதே. டீஃபால்ட் ஆட்டோ. எல்லாரும் அப்படியே விட்டுவிடுகிறோம். வினை அங்கேதான். 24 போர்ட் ஸ்விட்சுக்குப் பவர் பட்ஜெட் 370 வாட் என்று வைத்துக்கொள்வோம். 15.4 வீதம் எல்லாப் போர்ட்டுக்கும் போதும். 30 வாட் கருவிகளானால் 12-உடன் தீர்ந்தது. பந்திக்கு முந்தினவருக்கே சாப்பாடு. கேட் கேமரா பட்டினி கிடக்க, கேன்டீன் வைஃபை ஜோராக ஓடலாம்! அதனால் எது நிற்கவே கூடாதோ அந்தப் போர்ட்டுக்கு ஸ்டாட்டிக். மிச்சம் எத்தனை வாட் என்பதை 'ஷோ பவர் இன்லைன்' சொல்லிவிடும்.

கம்பத்து உச்சியில் கேமரா ஹேங் ஆகிவிட்டதா? ஏணி தேட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே 'நெவர்' கொடுத்து, பத்து விநாடி விட்டுப் பழைய கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். அணைந்து புதிதாகக் கிளம்பும்.