ஸ்பென்சர் பிளாசா காத்தாடுவது ஏன்? மாலில் கடை வாங்குவோர் உஷார்!

தாம்பரம்:
ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். இரும்புலியூர், பெருங்களத்தூர் மக்கள் குடும்பத்தோடு எலக்ட்ரிக் ரெயில் ஏறி, பஸ் மாறி, அண்ணாசாலை ஸ்பென்சர் பிளாசாவுக்கு கிளம்பி விடுவார்கள். எதுவும் வாங்காவிட்டாலும் ஏ.சி.யில் ஒரு ரவுண்டு, எஸ்கலேட்டரில் ஒரு ரவுண்டு நிச்சயம். இன்று அதே வளாகத்தில் பல கடைகளின் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. என்னதான் ஆச்சு?

பழைய பெருமை

1860-களில் தொடங்கிய ஸ்பென்சர் கடைக்கு 1890-களில் இங்கே பிரமாண்ட கட்டிடம் எழுந்தது. 1980-களில் அது தீக்கிரையானது. அதே இடத்தில் வந்ததுதான் இப்போதைய வளாகம். லேண்ட்மார்க் புத்தகக்கடை, மியூசிக் வேர்ல்டு, வெஸ்ட்சைடு என பெரிய கடைகள் கூட்டத்தை இழுத்தன.

பெரிய கடைதான் காந்தம்

பெரிய கடைக்கு வருகிறவர் வழியில் செல்போன் கவர், செருப்பு, வளையல் வாங்குவார். இதனால்தான் மால்காரர்கள் பெரிய கடைகளுக்கு சதுர அடி வாடகையை குறைத்துக்கூட இடம் தருகிறார்கள். பெரிய கடை போய்விட்டால் சின்ன கடைக்கு போணி ஆவதே கஷ்டம். அங்கே வேலை பார்க்கும் சேல்ஸ் பையன், பெண்களின் சம்பளத்திலும் கை வைக்கும்.

போட்டியோ போட்டி

2010-ல் பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது. 2013-ல் வேளச்சேரியில் பீனிக்ஸ் வந்தது. இரண்டிலும் சினிமா உண்டு, ஸ்பென்சரில் இல்லை. மெட்ரோ பணிக்காக அண்ணாசாலையில் பல ஆண்டுகள் போக்குவரத்து மாற்றிவிடப்பட்டது. தாம்பரம் பக்கத்து மக்களுக்கோ குரோம்பேட்டையிலேயே சரவணா ஸ்டோர்ஸ், போத்தீஸ் வந்தாச்சு. அப்புறம் யார் டவுனுக்கு போவார்கள்?

முக்கிய காரணம்

புது மால்களில் கடைகள் பெரும்பாலும் வாடகைக்குத்தான். முதலாளி ஒருவர். எந்த கடை எங்கே வரணும் என்பதை அவரே முடிவு செய்வார். ஸ்பென்சரில் ஏராளமான கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டவை. ஆளுக்கொரு ஓனர் இருந்தால், பத்து கடையை சேர்த்து ஒரு பெரிய கம்பெனிக்கு கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பழுது பார்க்கவும், புதுப்பிக்கவும் எல்லோரும் சம்மதித்து பணம் போட வேண்டும்.

இனி என்ன?

இடத்துக்கு குறை இல்லை. 2019-ல் எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் அருகிலேயே திறக்கப்பட்டது. தாம்பரத்தில் இருந்து எலக்ட்ரிக் ரெயிலில் கிண்டி வந்து மெட்ரோ மாறினால் நேராக அங்கே இறங்கலாம். ஓனர்கள் ஒன்றுசேர்ந்து பொறுப்பை ஒரே நிர்வாகத்திடம் கொடுத்தால் பெரிய கடைகள் திரும்ப வழி உண்டு.

சேமிப்பு பணத்தில் மால் கடை வாங்க நினைப்பவர்களுக்கும் இது பாடம். பெரிய கடை எத்தனை வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிறது? பராமரிப்பு யார் கையில்? மாதம் எவ்வளவு கட்டணும்? இதை கேட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பத்திரத்தில் கடை சொந்தமாகலாம், கூட்டம் சொந்தமாகாது.