எருமையின் புல்லைத் தின்ற மரம்!

காவேரிப்பாக்கத்தில் இருந்து மேற்கே போனால் வரிசையாகத் தோல் ஊர்கள் வருகின்றன. இராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி. நாம் போடும் செருப்புக்கும் வெளிநாட்டார் போடும் பூட்சுக்கும் இங்கே இருந்துதான் தோல் போகிறது.

இந்தத் தோலுக்காக, எங்கோ நீலகிரி மலையில் இருக்கும் தோடர்கள் தங்கள் எருமை மேய்ந்த நிலத்தை இழந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

உண்மை அதுதான். கதை ஒரு மரப்பட்டையில் தொடங்குகிறது.

துவர்க்கும் பட்டை

பச்சைத் தோலை அப்படியே போட்டால் அழுகி நாறிவிடும். துவர்ப்புச் சத்து ஏறினால் அழுகாது. பாக்கை மென்றால் வாயைச் சுருக்குகிறதே, அதே சத்துதான்! அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் இடித்துக் குழியில் போட்டு, வாரக்கணக்கில் தோலை ஊற வைத்தார்கள்.

ஆவாரையை விடத் துவர்ப்பு மிகுந்த ஒரு பட்டை உண்டு. சீகை மரத்தின் பட்டை. தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் அல்ல. இது ஆஸ்திரேலியா மரம். ஆங்கிலத்தில் 'வாட்டில்' என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் இதைத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். அங்கிருந்து பட்டை இங்கே கப்பலில் வந்தது.

1946-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து, அந்த நாட்டோடு வியாபாரமே வேண்டாம் என்று இந்தியா முடிவு செய்தது. நல்ல முடிவுதான். ஆனால் பட்டைக்கு என்ன செய்வது?

நீலகிரியில் இந்த மரம் ஏற்கெனவே இருந்தது. வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டு வந்து நட்டிருந்தார்கள். அதையே பெருக்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. 1950-களிலும் 60-களிலும் வனத்துறை ஏராளமான இடத்தில் சீகையை நட்டது. கொடைக்கானல் மலையிலும் நட்டது.

எந்த இடத்தில் நட்டார்கள்? புல்வெளியில்!

"சும்மா கிடக்கும் நிலம்"

நீலகிரியின் உச்சியில் பள்ளங்களில் சோலைக்காடு இருக்கும். மேடு பூராவும் புல். பார்ப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கும் நிலம். தோடர்களுக்கோ அதுதான் பிழைப்பு.

தோடர்கள் ஊரை 'மந்து' என்பார்கள். 'ஒத்தக்கல் மந்து' என்ற பெயரே உதகமண்டலம் ஆயிற்று என்று சொல்வது உண்டு. எருமைதான் அவர்கள் செல்வம். எருமைப்பால் கறந்து மோர் கடையும் குடிசையே அவர்களுக்குக் கோயில். அங்கே பால் வேலை பார்ப்பவரே பூசாரி. அந்தக் குடிசைக்குக் கூரை வேய்வதும் மலைப்புல்லால்தான். எருமை குறைந்தால் பால் மட்டுமா குறையும்? சில மந்துகளில் பால் கோயிலே ஓய்ந்து போயிற்று.

தோடர் தொகை சுமார் 2 ஆயிரம்தான். இவ்வளவு பேருக்கு எதற்கு இவ்வளவு மலை என்று கேட்டவர்கள் உண்டு. சீகை மட்டும் அல்ல, மற்றவையும் வந்தன. உருளைக்கிழங்கு வந்தது. தேயிலை வந்தது. குந்தா மின்திட்டத்துக்கு அணைகள் வந்தன. இலங்கையில் இருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர, 1968-இல் அரசாங்கத் தேயிலைத் தோட்டமும் தொடங்கியது. ஊட்டி அருகே பிலிம் தொழிற்சாலை எழுந்தது; இன்று அது மூடிக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தோடரிலும் பலர் கிழங்கு பயிரிட்டார்கள்.

ஆனால் சீகையின் கதைதான் மனதை உறுத்துகிறது. ஏன் என்றால், அது நட்ட காரியத்துக்கே நெடுநாள் உதவவில்லை!

பட்டையை மறந்த ஊர்கள்

1970-களில் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு விதித்தது. இங்கேயே பதனிட்டு, இங்கேயே பூட்சு தைத்து அனுப்புங்கள் என்றது. தொழிற்சாலைகள் குரோமிய உப்புக்கு மாறின. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள் கணக்கில் முடிந்தது. அந்தக் குரோமியம் பாலாற்றைப் படுத்திய பாடு வேறு கதை.

பட்டைக்குக் கிராக்கி விழுந்தது. மரம் மட்டும் நிற்கவில்லை, பரவிக்கொண்டே போயிற்று. வெட்டினாலும் தீ வைத்தாலும், மண்ணில் பல்லாண்டு உறங்கும் விதை முளைத்து விடுகிறது. அடர்ந்த நிழலில் புல் வளர்வது இல்லை. கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலையில், 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். தோப்பும் விவசாயமுமே காரணம்.

நஷ்டம் தோடருக்கு மட்டும் அல்ல. மழையை உறிஞ்சி வைத்து ஓடைக்கு மெல்ல விடுவது இந்தப் புல்லும் சோலையும்தான். அந்த ஓடைகள் சேர்ந்துதான் பவானி.

உலகின் வடகோடியில் நார்வே நாட்டிலும் இதே வழக்கு. சாமி மக்களின் கலைமான் மேயும் ஃபோசன் பகுதியில் காற்றாலைகள் எழுந்தன. அனுமதி செல்லாது என்று 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. காற்றாலையை இடிக்கவில்லை. நஷ்டஈடும், குளிர்கால மேய்ச்சலுக்கு வேறு நிலமும் தருவதாகப் பின்னர் ஒப்பந்தம் ஆயிற்று.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் மேய்ச்சல் உரிமையை ஒப்புக்கொள்கிறது. அந்நிய மரங்களை அகற்ற 2022-இல் தமிழக அரசு ஒரு கொள்கையே வகுத்தது. முக்குருத்தி மலையில் சீகையைப் பிடுங்கிப் புல் வளர்க்கும் வேலையும் நடந்திருக்கிறது.

ஒரு தடவை பிடுங்கினால் போதாது. விதை மறுபடி முளைக்கும். ஆண்டுதோறும் ஆள் போக வேண்டும். எந்தப் புல் எந்தச் சரிவில் நின்றது, எருமை எதை விரும்பித் தின்றது என்று தோடர் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்கு முதலில் அவர்களைத்தான் அழைக்க வேண்டும்.