குழந்தைகளுடன் கென்யா சஃபாரி: டிக்கெட் போடும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும்?

மசாய் மாராவில் சிங்கம், டியானியில் வெள்ளை மணல் கடற்கரை. காட்டையும் கடலையும் ஒரே பயணத்தில் பார்க்க முடிவதால்தான் கென்யா பலரது லிஸ்ட்டில் இருக்கிறது. நண்பர்களோடு போனால் ஹோட்டல், பட்ஜெட் என்று தொடங்கலாம். குழந்தைகளோடு போவதென்றால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு: ஸ்கூல் லீவு, தடுப்பூசி, குழந்தையின் வயது.

எந்த லீவில் போகலாம்?

நம் ஊரில் கோடை விடுமுறை ஏப்ரல், மே. கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். காட்டுப் பாதைகள் சேறாகிவிடும். கடற்கரை நாட்களும் மழையில் போகலாம். கட்டணம் குறைவாக இருப்பதன் காரணம் இதுதான்.

வில்டபீஸ்ட் கூட்டங்கள் மாராவுக்கு வருவது சுமார் ஜூலை முதல் அக்டோபர் வரை. அதனால் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை பொருத்தமானது. அரையாண்டு லீவிலும் போகலாம். ஆனால் கிறிஸ்துமஸ் சீசனில் கடற்கரை ஹோட்டல்களின் விலை எகிறும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி ஏன் முக்கியம்?

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இங்கே ஏராளம். டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். நோய் உள்ளே வந்தால் பரவ வழி தயாராக இருப்பதால் விமான நிலையத்தில் கெடுபிடி அதிகம். கென்யாவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுக்கச் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாக இந்த ஊசி போடுவதில்லை. கைக்குழந்தை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. முட்டை அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதோடு, கென்யா செல்ல ஆன்லைனில் முன் அனுமதி வாங்க வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

குழந்தை தாங்குமா?

சஃபாரி என்றால் மூன்று, நான்கு மணி நேரம் ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பது. இறங்கி ஓட முடியாது, சத்தம் போடக் கூடாது. பல முகாம்களில் பகிர்வு ஜீப்புக்கும் நடைப் பயணத்துக்கும் குறைந்தபட்ச வயது உண்டு. புக் செய்யும் முன் குழந்தையின் வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வாண்டுகள் இருந்தால் தனி ஜீப் எடுப்பது செலவு கூடுதல்தான்; ஆனால் அழுதால் உடனே திரும்பிவிடலாம்.

ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் நைரோபியே போதும். ஷெல்ட்ரிக் மையத்தில் தாயை இழந்த யானைக் குட்டிகளைப் பார்க்கலாம். ஜிராஃப் சென்டரில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் உணவு ஊட்டலாம்.

முதலில் காடா, கடலா?

காடுதான். கென்யா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 5.30 என்றால் இங்கே 8 மணி. முதல் சில நாட்கள் குழந்தைகள் தாங்களாகவே விடிகாலையில் எழுந்துவிடுவார்கள். விலங்குகளைப் பார்க்க நல்ல நேரமும் அதுதான். விடியலில் மாரா குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

பிறகு நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு ரயில். ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் சாவோ தேசியப் பூங்கா வழியாகப் போகும்போது ஜன்னலிலேயே யானை தெரியலாம். அங்கிருந்து டியானிக்குச் சாலை வழி. டியானியில் பவளப்பாறை அலையைத் தடுப்பதால், தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையோரம் ஆழம் குறைவாக இருக்கும். முள் உள்ள கடல் உயிரினங்களை மிதிக்காமல் இருக்க ரப்பர் ஷூ போடுங்கள்.

முறுக்கு, பருப்புப்பொடி எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை. டப்பாவும் துணிப்பையும் போதும்.

திரும்பி வந்த பிறகு?

மாரா, கடற்கரை இரண்டிலும் மலேரியா ஆபத்து உண்டு. தடுப்பு மாத்திரையின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்து மாறும். அதனால் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். மாலை முதல் விடியும் வரை முழுக்கை உடை, கொசுவலை கட்டாயம்.

மாத்திரை சாப்பிட்டாலும் நூறு சதவீதப் பாதுகாப்பு கிடையாது. திரும்பி வந்து சில மாதங்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், சாதாரண வைரல் என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போய், முதல் வரியிலேயே "கென்யா போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை சீக்கிரம் நடக்க அந்த ஒரு தகவல் உதவும். மலேரியாவில், அதுவும் குழந்தைகளுக்கு, ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து.