ஐயவினாவும் செவ்வாய்க் குகையும்

வினா அறுவகைப்படும் என்பது நன்னூல் வகுக்கும் இலக்கணம். ஆசிரியர் தாம் விடை அறிந்திருந்தும் மாணவனிடம் வினவுவது அறிவினா. அறியாததை அறிய வினவுவது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணிய இயலாது வினவுவது ஐயவினா. நம் வகுப்பறைகளில் பெரிதும் ஒலிப்பது அறிவினாவே. 'கதிரவனுக்கு மிக அருகிலுள்ள கோள் எது?' என்கிறோம், 'புதன்' என விடை வருகிறது, பாடம் முடிந்துவிடுகிறது. கோள் ஆய்வோ மற்ற இரு வினாக்களால் வளரும் துறையாகும். அவ்வினாக்களை வகுப்பறைக்குக் கொணர இயலும் என்பதற்கு அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று சான்றாகும்.

நாசாவின் 'மார்ஸ் ஒடிசி' விண்கலம் 2001-இல் செவ்வாயை அடைந்து அதனைச் சுற்றிவரலாயிற்று. அதன் 'தெமிஸ்' ஒளிப்படக் கருவியை இயக்கிய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், மாணவர்க்கென ஒரு திட்டம் வகுத்தது. மாணவர் தாமே ஒரு வினாவை எழுப்ப வேண்டும். விடை கிடைக்கக்கூடிய இடத்தைச் செவ்வாயில் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்கலம் அவ்விடத்தைப் படமெடுத்து அனுப்பும். அப்படத்தை ஆராய்ந்து, கண்ட முடிவை அவர்களே எழுத வேண்டும்.

கலிபோர்னியாவில் காட்டன்வுட் என்னும் ஊரின் எவர்கிரீன் நடுநிலைப்பள்ளியைச் சார்ந்த 7-ஆம் வகுப்பு மாணவர் 16 பேர் இதில் பங்கேற்றனர். எரிமலைக் குழம்பு வழிந்தோடுகையில் அதன் மேற்பரப்பு குளிர்ந்து இறுகும். உள்ளே ஓடும் குழம்பு வடிந்தபின் குழாய் போன்றதொரு வெற்றிடம் எஞ்சும். இத்தகைய குழாய்கள் மிகுதியாக அமைவது எரிமலையின் உச்சியிலா, சரிவிலா, சூழ்ந்துள்ள சமவெளியிலா என்பதே அம்மாணவர் எழுப்பிய வினா. நன்னூலார் கூறும் ஐயவினா இதுவன்றோ!

பேவோனிஸ் எரிமலையின் சரிவைக் காட்டிய படத்தில் வட்டமானதொரு கரும்புள்ளி அவர்தம் கண்ணில் பட்டது. குழாயின் கூரை இடிந்ததனால் உண்டான துளையாக அது கருதப்பட்டது. வேறோர் எரிமலையில் இவ்வகைத் துளைகளை முன்னரே ஆராய்ந்திருந்த அறிவியலாளர் கிளென் குஷிங், அதன் பரப்பு ஏறத்தாழ 190 மீட்டருக்கு 160 மீட்டர் என்றும், ஆழம் குறைந்தது 115 மீட்டர் என்றும் மதிப்பிட்டார். வகுப்பறையில் எழுந்த ஒரு வினா, தேடாத ஒரு குகைவாயிலைக் காட்டித் தந்தது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அறிவியலாளர் மாணவர்க்கு விடையை வழங்கவில்லை. கருவியையும் வழிகாட்டலையும் வழங்கினர். விடை எவர்க்கும் தெரியாதிருந்தமையே அவ்வகுப்பின் சிறப்பாகும்.

இவ்வாய்ப்பு நமக்கும் தொலைவில் இல்லை. சந்திரயான்-2 அனுப்பிய படங்களை இஸ்ரோ பொதுப் பார்வைக்கு வழங்கியுள்ளது. 2023-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தினர். அதே ஆண்டு கதிரவனை ஆராயச் சென்ற ஆதித்யா திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையைச் சார்ந்தவர். தமிழ் மண்ணில் பயின்ற இத்தகைய அறிவியலாளருடன் நம் மாணவர் தாய்மொழியிலேயே உரையாடலாம்.

உரையாடுதற்கு முதற்கண் வேண்டுவது பிழையற ஒரு வினாவைத் தொடுக்கும் ஆற்றல். அஃது அறிவியல் ஆசிரியரின் பணி மட்டுமன்று, மொழியாசிரியரின் பணியுமாகும். வானையும் புவியையும் நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மாந்தரை அழைக்கிறது. அச்சிந்தனைக்குரிய வினாக்களைத் தமிழில் வடிக்கப் பயிற்றுவித்தல் தமிழ்த்துறையினராகிய நம் கடன்.