மூளைக்கு ஒரு மில்லிஆம்பியர்

மூளைக்குக் கரண்ட் என்றாலே சினிமாவில் ஆளைக் கட்டிலோடு கட்டி ஷாக் கொடுக்கும் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சிகிச்சையில் பாய்வது 800 மில்லிஆம்பியர் அளவு. இங்கே பேசப்போகும் நேர்மின்னோட்டத் தூண்டல் என்ற முறையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்ச் உறை போட்ட இரண்டு மின்முனைகள், பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி, சாதனம் அவ்வளவே. தோல் கொஞ்சம் குறுகுறுக்கும், அரிக்கும்.

2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் ஒரு முனையைக் கையை இயக்கும் மூளைப் புறணிக்கு நேர்மேலே, மற்றதை எதிர்ப்பக்கப் புருவத்துக்கு மேலே வைத்து 1 மில்லிஆம்பியர் செலுத்தினார்கள். கை அசையவில்லை. அசையவும் அசையாது: மின்சாரத்தில் பெரும்பங்கு தோல் வழியே சுற்றிப் போய்விடுகிறது, உள்ளே நுழையும் மிச்சத்துக்குச் சும்மா இருக்கும் நியூரானைத் துடிக்க வைக்கும் பலமில்லை. பிறகு எதை அளப்பது? 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு உருவாக்கிய காந்தச் சுருள் கைகொடுத்தது. அதைத் தலைமேல் வைத்து ஒரு துடிப்பு கொடுத்தால் விரல் துள்ளும். சுண்டுவிரல் தசையில் அந்தத் துள்ளலை அளந்தார்கள். நேர்முனை புறணிமேல் இருந்தால் துள்ளல் பெருத்தது, எதிர்முனை இருந்தால் சிறுத்தது. மாற்றம் 40 சதவீதம் வரை.

ஓய்விலிருக்கும் நியூரானின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்வு. நேர்முனை அந்தப் பள்ளத்தைத் துளி மேடாக்குகிறது. அடுத்து வரும் சைகைக்கு வேலை சுலபம். ஆனால் 13 நிமிடம் கொடுத்துவிட்டு நிறுத்தினாலும் விளைவு ஒன்றரை மணி நேரம் வரை நிற்பதற்கு இந்த விளக்கம் போதாது. இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பின்விளைவு மறைந்துவிட்டது. அது அடைப்பது என்எம்டிஏ ஏற்பியை. நியூரான்களின் இணைப்பு வலுப்பட, அதாவது நாம் கற்க, தேவைப்படும் அதே ஏற்பி.

ஆகவே பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன? 2009இல் ஜேனின் ரெய்ஸ் குழு, விரலால் அழுத்தித் திரையில் குறியை நகர்த்தும் வேலையை 5 நாள் பழக்கியது. தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அந்தத் தேர்ச்சி பயிற்சி நேரத்தில் வந்ததைவிட, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் கூடியதே அதிகம். எனக்கு இதுதான் இந்தத் துறையின் சுவையான முடிவு.

இனி, வீட்டிலேயே இந்தத் தூண்டலைச் செய்துகொள்ளத் தலைப்பட்டை விற்பவர்கள் சொல்லாத சங்கதி. ஒரே அளவு மின்சாரத்துக்கு ஆளுக்கு ஆள் பலன் மாறுகிறது. சிலருக்கு ஒன்றுமே நடப்பதில்லை. எதிர்முனையை 2 மில்லிஆம்பியரில் 20 நிமிடம் வைத்தபோது, சிறுக்க வேண்டிய துள்ளல் பெருத்ததாக 2013இல் அதே கோட்டிங்கன் ஆய்வகத்திலிருந்தே முடிவு வந்தது. இரட்டிப்பு மின்சாரம் இரட்டிப்புப் பலன் தரும் என்று நம்பி வீட்டில் 9 வோல்ட் பேட்டரியோடு உட்காருபவருக்கு, எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதுகூடத் தெரியாது.