படிப்புக்கு நிதி கேட்கும் முறை

மாலை வகுப்பு, முதியோர் எழுத்தறிவு, கூலிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும் உள்ளூர் மொழியும் என்று நம் சங்கங்கள் எதை ஆரம்பித்தாலும் இரண்டாம் வருஷம் நின்று போகிறது. வாத்தியாருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால் அவர் வேறு வேலை தேடிப் போவார். கலைந்த பிள்ளைகள் திரும்ப வருவதில்லை. ஏன்னு கேட்டா, பணம் இல்லை என்பார்கள்.

பணம் இருக்கிறது. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம் 135-ம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளில் கல்வியும் உண்டு. தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே தலைமை ஆபீசுக்கு எழுதுவதைவிட, பக்கத்து ஆலை மேனேஜரைப் போய்ப் பார்ப்பது மேல்.

ஆனா, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட முடியாது. வாங்கும் சங்கம் பதிவான டிரஸ்டாகவோ சொசைட்டியாகவோ இருக்க வேண்டும். 12ஏ, 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிப் பதிவுகளும், மூன்று வருஷ அனுபவமும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டு வாங்கிய எண்ணும் வேண்டும். (2025-ம் வருஷப் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.)

80ஜி-யில் நம்மவர் சறுக்கும் இடம் டிரஸ்ட் பத்திரம். 'எங்கள் சமூகத்தாருக்கு' என்று எழுதிவிடுவார்கள். ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டுமான தர்மத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோருக்கு விலக்கு உண்டு. எங்கள் ஜைனரிலும் இது உண்டு. நான்கு தானங்களில் சாஸ்திர தானம் ஒன்று என்று பெருமை பேசுவோம், பத்திரத்திலே வாசலைச் சின்னதாக வைத்துவிடுவோம்.

அடுத்தது விண்ணப்பம். விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 340 மாணவர், 14 ஆசிரியர் கொண்ட கல்லூரிக்கு விட்ட நிவந்தம். இளைய மாணவருக்குத் தினம் 6 நாழி நெல் என்று தலைக்கணக்கே வெட்டியிருக்கிறார்கள். வேதக் கல்லூரிதான், வியாபாரியான நான் மெச்சுவது அந்தக் கணக்கை. நாமோ 'மேலான ஆதரவை வேண்டுகிறோம்' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறோம். எத்தனை பிள்ளை, வாத்தியார் சம்பளம் என்ன, வாடகை என்ன, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது, வருஷக் கடைசியில் அது எதை வாசிக்கும் என்று எழுதினால்தான் கொடுப்பவர் தன் கமிட்டிக்குப் பதில் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து சொந்தச் சேமிப்பை வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், பெற்ற பிள்ளையே ஆனாலும் உள்துறையின் அனுமதி பெற்ற சங்கம்தான் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும்.

கம்பெனிகள் வருஷத் திட்டம் போடுவது கணக்கு வருஷத்தின் தொடக்கத்தில். ஏப்ரல், மே மாதத்திலேயே போய் நில்லுங்கள். மார்ச்சில் போனால் மிச்சப் பணத்தில் பெஞ்சும் நோட்டுப் புத்தகமும் கிடைக்கலாம், வாத்தியார் சம்பளம் கிடைக்காது.