26 வாக்குகள் சொன்ன பாடம்

கேமரன் மலையில் மாலைப் பனி இறங்கிவிட்டால் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பேச்சுக்குக் குறைவிராது. அதிலும் ம.இ.கா. தலைமைப் பதவிக்குப் போட்டி என்று செய்தி வந்துவிட்டால், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஒரே குடும்பம்கூட இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும்.

“மாமா, மேடையில நல்லா பேசினா போதுமா? நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு என்ன செஞ்சாருன்னு பாருங்க” என்பான் இளைஞன்.

“அட போப்பா, அமைச்சரவையில உட்கார்ந்து தைரியமா கேக்க ஆள் வேணாமா?” என்பார் பெரியவர்.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வரும்: “ரெண்டு பேரும் இப்படிச் சண்டை போடுறீங்களே, அந்தத் தேர்தல்ல உங்களுக்கு ஓட்டு இருக்கா?”

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. கட்சித் தலைமைக்கான வாக்குச் சீட்டு லயத்துக்கு வருவதில்லை. கிளைத் தலைவர்கள், பேராளர்கள் கைக்குத்தான் அது போகிறது. அப்படியானால் தோட்டத்து மக்களுக்கு இதில் பங்கே இல்லையா? வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1946 ஆகஸ்டில் ம.இ.கா. பிறந்தபோது ஜோன் திவி முதல் தலைவரானார். 1955-ல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் தலைமைக்கு வந்தார். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் தவித்த நேரத்தில், 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளையே தோட்டங்களின் பங்குதாரர்கள் ஆக்கியவர் அவர். தலைமையில் யார் இருக்கிறார் என்பது லயத்து அடுப்பு வரை எட்டும் விஷயம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1973-ல் சம்பந்தன் விலக, வெ. மாணிக்கவாசகம் தலைவரானார். 1977-ல் துணைத் தலைவர் பதவிக்கு எஸ். சாமிவேலுவும் எஸ். சுப்பிரமணியமும் மோதினார்கள். சாமிவேலு வென்றார். வித்தியாசம் 26 வாக்குகள் மட்டுமே! 1979 அக்டோபரில் மாணிக்கவாசகம் காலமானதும், துணைத் தலைவராக இருந்த சாமிவேலுவிடம் கட்சிப் பொறுப்பு வந்தது. 1989-ல் தலைவர் பதவிக்கே சுப்பிரமணியம் போட்டியிட்டும் வெல்ல முடியவில்லை. 2010 வரை, அதாவது 31 ஆண்டுகள், சாமிவேலுவின் தலைமை நீடித்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1977-ல் 14 பேராளர்கள் மனம் மாறி எதிரணிக்கு வாக்களித்திருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். அது நல்லதாக முடிந்திருக்குமா, கெட்டதாக முடிந்திருக்குமா என்பது வேறு விவாதம். அந்த 14 பேரும் ஏதோ ஒரு கிளையின் பெயரால் அங்கே போனவர்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

நம் மலைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. சாமிவேலுவுக்குப் பின் தலைவரான ஜி. பழனிவேல், 2013 பொதுத் தேர்தலில் கேமரன் மலைத் தொகுதியில் 462 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கட்சியின் தேசியத் தலைவரே நம் நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பெருமை கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு நடந்த கட்சித் தேர்தல் வழக்கு, சங்கப் பதிவிலாகா என்று இழுபட்டு, 2015-ல் அவர் தலைமை முடிவுக்கு வந்தது. 2018-ல் ம.இ.கா. இங்கே 597 வாக்குகளில் வென்றும், தேர்தல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி பூர்வகுடியைச் சேர்ந்த ரம்லி முகமட் நோரை நிறுத்தி வென்றது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கட்சிப் பெரியவர்களின் கைதான் ஓங்கியிருந்தது. 1968-ல் ஹியூபர்ட் ஹம்ப்ரி, ‘பிரைமரி’ எனப்படும் முதற்கட்டத் தேர்தல் ஒன்றில்கூட நிற்காமலே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். தொண்டர்கள் கொதித்தார்கள். அதன் பிறகே விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதல் சாதாரண வாக்காளரின் சொல்லுக்கு மதிப்புக் கூடியது. கேட்டதால்தான் கிடைத்தது.

நாமும் கேட்கலாம். கிளைக் கூட்டம் என்றால் “யாராவது போகட்டும்” என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உறுப்பினர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா, சந்தா கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளைத் தலைவரிடம், “அண்ணே, நம்ம கிளையின் ஓட்டு யாருக்கு, எதற்காக?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அத்தைமார்களும் அக்காமார்களும் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம், வீடு, சம்பளம் ஆகியவற்றின் கஷ்டம் அவர்களுக்குத்தானே அதிகம் தெரியும்!

லயத்து வாசலில் பேசுவது தவறல்ல. அந்தப் பேச்சு கிளைக் கூட்டம் வரை போகட்டும். அடுத்த முறை அத்தை கேட்கும்போது, “ஓட்டு நம்ம கிளைத் தலைவர் கையில இருக்கு அத்தை. ஆனா அதை எப்படிப் போடணும்னு நாங்க சொல்லிட்டு வந்துட்டோம்” என்று பதில் சொல்லலாம் அல்லவா?